கோல்ஃப் ஆடுவது எப்படி ஒரு வேலையாகும்? கார்டு, கட், கியூ ஸ்கூல் பற்றி ஓர் அறிமுகம்

பெங்களூரு தொம்லூர் பக்கம் எம்பஸி கோல்ஃப் லிங்க்ஸ் வளாகத்தில் வேலை பார்க்கும் தமிழர்கள் ஏராளம். கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம் பச்சைப் பசேலென்று தெரிவது கர்நாடகா கோல்ஃப் அசோசியேஷன் மைதானம், ஊர் வழக்கில் கேஜிஏ. மதியச் சாப்பாடு முடிந்து காபியோடு ஜன்னல் ஓரம் நிற்பவர்களுக்கு அந்தக் காட்சி பழகிப்போயிருக்கும். தொப்பி போட்ட ஒருவர் அடிக்கிறார், பை தூக்கிய இன்னொருவர் பந்து போகும் திசையைக் கண்ணை இடுக்கிக்கொண்டு பார்க்கிறார், அப்புறம் இரண்டு பேரும் நடக்கிறார்கள். அப்படி ஆடுபவர்களில் பெரும்பாலோர் பொழுதுபோக்குக்கு வந்தவர்கள். மிகச் சிலருக்கு அதுவே பிழைப்பு.

"பிழைப்பா? மாசம் எவ்வளவு வரும்?" அல்சூரிலும் மர்ஃபி டவுனிலும் நம் வீட்டுப் பெரியவர்களிடம் இதைச் சொன்னால் அடுத்த கேள்வி இதுவாகத்தான் இருக்கும். பெண் பார்க்கப் போன இடம் என்றால் இன்னும் மோசம். "பையன் கோல்ஃப் ஆடுறான்." "சரி, வேலைக்கு என்ன பண்றான்?"

கேள்வியில் தப்பே இல்லை. தொழில்முறை கோல்ஃப் வீரருக்கு மாதச் சம்பளம் கிடையாது. கிரிக்கெட்டில் மாநில அணிக்கு ஆடினால் ஆட்டத்துக்கு இவ்வளவு என்று ஊதியம் உண்டு; கால்பந்தில் கிளப்போடு ஒப்பந்தம் போடுவார்கள். கோல்ஃபில் அணியும் இல்லை, முதலாளியும் இல்லை. ஊர் ஊராகச் சந்தையில் கடை போடுபவர் நிலைமைதான். போட்டியில் சேரக் கட்டணம் கட்ட வேண்டும், டிக்கெட், லாட்ஜ் வாடகை, பை தூக்குபவருக்குக் கூலி எல்லாம் கைக்காசு. நன்றாக ஆடினால் பணம் வரும். ஆடாவிட்டால் செலவு மட்டும்தான்.

டிவியில் தெரிவது கோப்பையைத் தூக்குகிறவர் மட்டுமே என்பதால் இந்தத் தொழிலைப் பற்றி நமக்கு ஒரு தப்பான படம் விழுந்திருக்கிறது. கோப்பை எப்போதாவது வரும், பலருக்கு வராமலே போகும். ஒரு கோல்ஃப் வீரர் வருடம் முழுக்க விரட்டுவது வேறொன்றை: அடுத்த வருடமும் ஆடலாம் என்கிற அனுமதியை. அதற்குப் பெயர்தான் கார்டு.

முதலில் ஆட்டத்தின் கணக்கு

ஒரு மைதானத்தில் 18 ஹோல்கள். ஒவ்வொரு ஹோலிலும் தொடக்க இடத்திலிருந்து அடித்து, பந்தைக் குழியில் போட வேண்டும். நல்ல ஆட்டக்காரர் எத்தனை அடியில் போட வேண்டும் என்று முன்கூட்டியே குறித்து வைத்திருப்பார்கள், அதுதான் பார். தூரத்தைப் பொறுத்து 3, 4 அல்லது 5. ஓர் அடி குறைவாகப் போட்டால் பேர்டி, இரண்டு குறைந்தால் ஈகிள், ஓர் அடி கூடினால் போகி. மொத்த மைதானத்தின் பார் பெரும்பாலும் 70 முதல் 72 வரை இருக்கும். ஒரு சுற்று முடிக்க நான்கு, ஐந்து மணி நேரம் ஆகும். எட்டு, பத்து கிலோமீட்டர் நடை.

தொழில்முறைப் போட்டி என்றால் பொதுவாக நான்கு நாள், 72 ஹோல். நான்கு நாள் அடிகளைக் கூட்டிப் பார்த்து, யாருக்குக் குறைவோ அவர் ஜெயித்தார். அவ்வளவுதான் விதி. பந்தின் விட்டம் 42.67 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது, குழியின் விட்டம் 108 மில்லிமீட்டர். அதாவது குழி இரண்டரைப் பந்து அகலம். இந்த அளவை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கொஞ்ச நேரத்தில் தேவைப்படும்.

கிளப்பில் ஆடுகிறவர்கள் 'என் ஹேண்டிகேப் 18' என்று பேசிக்கொள்வதைக் கேட்டிருப்பீர்கள். திறமை குறைந்தவருக்குக் கொடுக்கும் சலுகை அடிகள் அவை. தொழில்முறையில் அந்தப் பேச்சே இல்லை. அடித்தது அடித்ததுதான்.

அமெச்சூர், புரொஃபஷனல்: கோடு எங்கே?

பரிசுப் பணத்துக்காக ஆடுகிறேன் என்று அறிவித்துவிட்டால் நீங்கள் புரொஃபஷனல். அறிவிக்காதவரை அமெச்சூர். 2022-இலிருந்து அமெச்சூர்களுக்கும் விதிகள் தளர்ந்திருக்கின்றன, விளம்பரத்தில் நடித்துக்கூடச் சம்பாதிக்கலாம். ஆனால் பெரிய பரிசுத்தொகையைத் தொட முடியாது.

இது எவ்வளவு கறாரான விதி என்பதற்கு நிக் டன்லப் கதை போதும். அமெரிக்கக் கல்லூரி மாணவர். 2024 ஜனவரியில் அமெச்சூராகவே, அமெரிக்காவின் உச்சப் போட்டித் தொடரான பிஜிஏ டூரில் ஒரு போட்டி ஆடி, அதில் ஜெயித்தும்விட்டார். கோப்பை அவருக்கு. முதல் பரிசான 15 லட்சத்துச் சொச்சம் டாலர் மட்டும் இரண்டாவது வந்த கிறிஸ்டியான் பெசாய்டன்ஹவுட்டுக்குப் போய்ச் சேர்ந்தது. பையன் சில நாட்களிலேயே புரொஃபஷனல் ஆகிவிட்டார். பின்னே!

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடலாம். கிளப்பில் 'புரோ' என்று அழைக்கப்படுகிற எல்லோரும் போட்டிகளில் ஆடுகிறவர்கள் இல்லை. பலர் பயிற்சி கொடுப்பவர்கள். வருமானத்தில் நிம்மதி என்று பார்த்தால் இரண்டாவது ரகம்தான் மேல்.

கியூ ஸ்கூல்

புரொஃபஷனல் என்று அறிவித்துக்கொள்வது சுலபம். ஆட இடம் கிடைப்பதுதான் கஷ்டம். போட்டிகளை நடத்துவது டூர் எனப்படும் அமைப்புகள். இந்தியாவில் ஆண்களுக்கு 2006-இல் தொடங்கிய பிஜிடிஐ, அதற்கு மேலே ஆசிய டூர், அதற்கும் மேலே ஐரோப்பாவை மையமாகக் கொண்ட டிபி வேர்ல்டு டூர், உச்சியில் அமெரிக்காவின் பிஜிஏ டூர். பெண்களுக்கு உள்நாட்டில் ஹீரோ மகளிர் டூர், பிறகு ஐரோப்பிய மகளிர் டூர், அமெரிக்காவின் எல்பிஜிஏ. ஒவ்வொன்றிலும் இத்தனை பேருக்குத்தான் இடம் என்று கணக்கு உண்டு. அந்த இடத்துக்கான உரிமைதான் கார்டு.

கார்டு இல்லாதவர் கியூ ஸ்கூலுக்குப் போக வேண்டும். பெயர்தான் ஸ்கூல், அங்கே யாரும் எதையும் கற்றுக்கொடுப்பதில்லை. அது ஒரு தகுதிப் போட்டி, அதுவும் பல கட்டமாக. ஆசிய டூரின் இறுதிக் கட்டத்தில் முதல் 35 இடங்களுக்குள் வந்தால் கார்டு. டிபி வேர்ல்டு டூரில் இறுதிக் கட்டம் மட்டுமே ஆறு சுற்று, 108 ஹோல். அமெரிக்க பிஜிஏ டூரில் அத்தனை பேர் மோதி, நேரடியாகக் கார்டு வாங்குகிறவர்கள் ஐந்து பேர்தான். ஒருவர் வருடம் முழுக்க எப்படி ஆடினார் என்பது அங்கே எடுபடாது. அந்த ஒரு வாரம் முதுகு பிடித்துக்கொண்டால் அடுத்த வருடப் பிழைப்பு போச்சு.

இந்த வாசலைச் சின்ன வயதிலேயே தாண்டியவர் நம் ஊர் அதிதி அசோக். 1998-இல் பிறந்தவர், ஐந்து வயதில் மட்டையைத் தொட்டார், வளர்ந்ததும் கற்றதும் கேஜிஏ புல்லில். ஃபிராங்க் ஆண்டனி பள்ளியில் படித்துக்கொண்டிருந்தபோதே, 2015 டிசம்பரில் மொராக்கோவில் நடந்த ஐரோப்பிய மகளிர் டூர் கியூ ஸ்கூலில் முதலிடம் பிடித்தார். வயது 17. மறு வருடம் ரியோ ஒலிம்பிக்ஸ், நவம்பரில் இந்திய ஓபன் பட்டம், டிசம்பரில் மறுபடி ஒரு கியூ ஸ்கூல், இந்த முறை எல்பிஜிஏவுக்கு. அதிலும் கார்டு, முழு உரிமை இல்லாததுதான் என்றாலும். ஒரே வருடத்தில் இவ்வளவும். இப்படி நடப்பது அபூர்வம். வருடா வருடம் கியூ ஸ்கூலுக்குப் போய்ச் சில அடிகளில் தவறவிட்டுத் திரும்புகிறவர்கள்தான் அதிகம். அவர்கள் பெயர் செய்தித்தாளில் வராது.

கட்: வாரத்தின் நடுவில் ஒரு கத்தி

கார்டு கிடைத்தால் பணம் வந்துவிடுமா? இல்லை. போட்டிக்குள் நுழையலாம், அவ்வளவே.

முதல் இரண்டு நாள் எல்லோரும் ஆடுவார்கள். 36 ஹோல் முடிந்ததும் பட்டியலில் ஒரு கோடு போடுவார்கள். அமெரிக்க பிஜிஏ டூரில் முதல் 65 இடங்களும் சமமாக நிற்பவர்களும் கோட்டுக்கு மேலே. நம் பிஜிடிஐயில் பொதுவாக 50. மேலே இருப்பவர்கள் அடுத்த இரண்டு நாளும் ஆடுவார்கள், எல்லோருக்கும் ஏதோ ஒரு தொகை நிச்சயம். கீழே இருப்பவர்களுக்கு அன்றோடு வாரம் முடிந்தது. கையில் ஒரு பைசா கிடையாது.

இதை நேரில் பார்ப்பதற்கு இரண்டாம் நாள் மதியம் போக வேண்டும். முன்னணியில் இருப்பவர்களை விட்டுவிட்டு, பட்டியலின் நடுவில் இருக்கும் ஒரு குழுவோடு நடந்து பாருங்கள். கட் மூன்று ஓவரில், அதாவது பாரைவிட மூன்று அடி கூடுதலில், விழும் போலிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒருவர் சரியாக மூன்று ஓவரில் நிற்கிறார். கடைசி ஹோல். பந்து குழிக்கு எட்டடி தள்ளிக் கிடக்கிறது, பார் எடுக்க அதைப் போட்டாக வேண்டும். உட்கார்ந்து பார்க்கிறார். எதிர்ப்பக்கம் போய் மறுபடி பார்க்கிறார். புல் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது, சரிவு எந்தப் பக்கம் இழுக்கும் என்று பை தூக்குபவரிடம் கிசுகிசுக்கிறார். உலகின் மிகச் சிறந்த ஆட்டக்காரர்களே எட்டடியிலிருந்து ஏறத்தாழ இரண்டில் ஒன்றைத்தான் போடுகிறார்கள். குழி இரண்டரைப் பந்து அகலம். உள்ளே விழுந்தால் இன்னும் இரண்டு நாள் ஆட்டம், லாட்ஜ் வாடகைக்கும் ரயில் டிக்கெட்டுக்கும் வழி. விளிம்பில் பட்டு வெளியே போனால் ஷூவைக் கழற்றிவிட்டு அடுத்த ஊருக்கு டிக்கெட் பார்க்க வேண்டியதுதான். கைதட்டுவதற்கு அங்கே பத்துப் பேர்கூட இருக்க மாட்டார்கள். கோல்ஃபில் எனக்குப் பிடித்த இடமே இதுதான். கோப்பை கொடுக்கும் மேடையைவிட இங்கேதான் இந்தத் தொழில் முழுசாகத் தெரிகிறது.

பணம் எப்படிப் பிரிகிறது?

மேலிருந்து கீழே சரசரவென்று இறங்கும். பிஜிஏ டூரின் சாதாரணப் போட்டியில் மொத்தப் பரிசில் 18 சதவீதம் முதலிடத்துக்கு, இரண்டாமிடத்துக்கு 10.9. பிஜிடிஐயில் மொத்தப் பரிசு ஒரு கோடி ரூபாய் என்றால் ஜெயித்தவருக்கு 15 லட்சம் என்பது வழக்கமான கணக்கு. கட் தாண்டிக் கடைசியில் நிற்பவருக்கு ஒரு லட்சம்கூட வராது. இரண்டு மூன்று பேர் ஒரே எண்ணிக்கையில் முடித்தால், அந்த இடங்களுக்கான தொகைகளைக் கூட்டிச் சமமாகப் பங்கு போடுவார்கள்.

ஓர் அடிக்கு என்ன விலை என்று பார்க்க வேண்டுமானால் அனிர்பன் லாஹிரியைப் பாருங்கள். பெங்களூருவையே தளமாக வைத்து, பிடதி பக்கத்து ஈகிள்டன் மைதானத்தில் பயிற்சி எடுத்து மேலே வந்தவர். 2022 மார்ச்சில் அமெரிக்காவில் பிளேயர்ஸ் சாம்பியன்ஷிப். மழையால் ஆட்டம் திங்கட்கிழமை வரை இழுத்துக்கொண்டு போனது. மூன்று சுற்று முடிவில் லாஹிரிதான் முன்னிலை. கடைசியில் ஆஸ்திரேலியாவின் கேமரன் ஸ்மித் 13 அண்டர், அதாவது பாரைவிட 13 அடி குறைவு; லாஹிரி 12 அண்டர். ஸ்மித்துக்கு 36 லட்சம் டாலர், லாஹிரிக்கு 21.8 லட்சம் டாலர். நான்கு நாள் ஆடிய ஆட்டத்தில் ஒரே ஓர் அடி வித்தியாசம், 14 லட்சம் டாலருக்கு மேல்.

இரண்டாவது வந்ததற்கு இவ்வளவா என்று மலைக்க வேண்டாம். இது உச்சியில் இருக்கும் போட்டி. அங்கே நுழைய முடியாமலே தொழிலை முடித்துக்கொள்கிறவர்கள் எத்தனையோ பேர். ஜெயித்த பணத்திலும் வரி, பயிற்சியாளர், பயணம் போக மிச்சம்தான் கைக்கு.

கேடி

பை தூக்குபவர் என்று இதுவரை சொல்லி வந்தேனே, அவர்தான் கேடி. ஒருவர் அதிகபட்சம் 14 மட்டைகள் வைத்துக்கொள்ளலாம். பந்து, குடை, மழைக்கோட்டு, தண்ணீர் எல்லாம் சேர்ந்தால் பை நல்ல கனம். கனத்தைச் சுமப்பது அவர் வேலையில் பாதி. இங்கிருந்து குழிக்கு எத்தனை கெஜம், காற்று எப்படி, எந்த மட்டை என்று சொல்வதும், போகி விழுந்த பிறகு ஆட்டக்காரர் வாய்க்கு வந்ததைப் பேசும்போது பேசாமல் கூட நடப்பதும் மீதிப் பாதி. பெரிய டூர்களில் வாரக் கூலியோடு, பரிசில் ஒரு பங்கும் உண்டு. ஜெயித்தால் 10 சதவீதம் என்பது பொதுவான பேச்சு.

அதிதிக்கு ரியோவில் அப்பா பை தூக்கினார், டோக்கியோவில் அம்மா. 2021 ஆகஸ்ட் 7, விடிவதற்கு முன்பே எழுந்து, பேர்டிக்கும் போகிக்கும் வித்தியாசம் தெரியாத நாமெல்லாம் டிவி முன்னால் உட்கார்ந்தோமே, அந்தக் காலைதான். அப்போது உலகத் தரவரிசையில் 200-வது இடத்தில் இருந்தவர் 15 அண்டரில் முடித்தார். 16 அண்டரில் இருந்த இருவருக்குத்தான் வெள்ளியும் வெண்கலமும். மறுபடியும் ஓர் அடி.

இந்தியாவில் கேடி வேலைக்கு இன்னொரு அர்த்தமும் உண்டு: உறுப்பினர் கட்டணம் கட்ட வழியில்லாத வீட்டுப் பிள்ளைகளுக்கு மைதானத்துக்குள் நுழைய அதுதான் வாசல். பல கிளப்களில் வாரத்தில் ஒரு நாள் கேடிகளை ஆட விடுவார்கள். யாரோ கொடுத்த பழைய மட்டையில் கற்றுக்கொள்வார்கள். டில்லி கோல்ஃப் கிளப்பில் கேடியாக இருந்த அலி ஷேர் 1991-இல் இந்திய ஓபனையே ஜெயித்தார். கேஜிஏவில் கேடியாகத் தொடங்கிய சி. முனியப்பா 2009-இல் அதே பட்டத்தை, தென்கொரியாவின் லீ சுங்கோடு சமநிலையில் முடித்து, பிளே ஆஃப் என்கிற கூடுதல் ஆட்டத்தில் வாங்கினார். ஈகிள்டனில் பந்து பொறுக்கும் சிறுவனாக இருந்த சிக்கரங்கப்பாவும் இந்த வரிசைதான். பணக்காரர் விளையாட்டு என்று நாம் சொல்வது பாதி உண்மை. ஆட்டத்துக்கு ஆகும் செலவைப் பொறுத்தவரை முழு உண்மை.

கையெழுத்து

கோல்ஃபில் நடுவர் பின்னாலேயே வந்து எண்ணிக்கொண்டிருக்க மாட்டார். உங்கள் எண்ணிக்கையை உங்களோடு ஆடுபவர் குறிப்பார், அவருடையதை நீங்கள். முடிந்ததும் எண்ணிக்கை எழுதிய அட்டையைச் சரிபார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். ஒரு ஹோலில் அடித்ததைவிடக் குறைவாக எழுதியிருந்து கையெழுத்துப் போட்டால் தகுதி நீக்கம். கூடுதலாக எழுதியிருந்தால் அந்தக் கூடுதலே கணக்கு. 1968 மாஸ்டர்ஸ் போட்டியில் அர்ஜென்டினாவின் ராபர்டோ டி விசென்சோ 17-வது ஹோலில் அடித்தது 3. உடன் ஆடியவர் 4 என்று எழுதிவிட்டார், இவர் பார்க்காமல் கையெழுத்துப் போட்டார். டிவியில் அத்தனை பேர் பார்த்திருந்தும் 4 தான் நின்றது. மறுநாள் பாப் கோல்பியோடு பிளே ஆஃப் ஆடியிருக்க வேண்டியவர் ஓர் அடியில் இரண்டாவது ஆனார்.

கார்டு போனால்?

வருட முடிவில் ஒவ்வொரு டூரிலும் சம்பாதித்த பணத்தையோ புள்ளிகளையோ வைத்து ஒரு தரப்பட்டியல் போடுவார்கள். மேலே இருப்பவர்கள் கார்டைக் காப்பாற்றிக்கொள்வார்கள். கீழே இருப்பவர்கள் மறுபடி கியூ ஸ்கூல். உச்சியில் இருப்பவருக்கு அடுத்த படிக்கு ஏணி கிடைக்கலாம். மத்தியப் பிரதேசத்தின் ஓம் பிரகாஷ் சௌகான் 2023-இல் பிஜிடிஐ பட்டியலில் முதலிடம் பிடித்ததற்குக் கிடைத்தது டிபி வேர்ல்டு டூர் கார்டு. ஒரு போட்டியை ஜெயித்தாலும் சில வருடங்களுக்குக் கார்டு நிச்சயம். வீரர்கள் கோப்பைக்கு ஏங்குவதில் பாதி இதற்காகத்தான்.

அர்ஜுன் அத்வால் 2010-இல் பட்ட பாடு இதற்கு நல்ல உதாரணம். காயத்தால் ஆட முடியாமல் போய், அமெரிக்க பிஜிஏ டூர் கார்டை அந்த ஜூலையில் இழந்தார். ஆகஸ்டில் விண்டம் சாம்பியன்ஷிப்புக்கு நேரடி இடம் இல்லை. பல வாரங்களில் கடைசி நேரத்தில் சில இடங்களுக்காகத் திங்கட்கிழமை ஒரு தகுதிச் சுற்று நடக்கும்; ஒரே நாள், 18 ஹோல். அதில் ஆடி நுழைந்தார். அந்த ஞாயிற்றுக்கிழமை கோப்பையும் அவர் கையில். பிஜிஏ டூரில் ஜெயித்த முதல் இந்தியர். திங்கள் தகுதிச் சுற்று வழியாக வந்து ஒருவர் ஜெயித்தது 24 வருடத்தில் அதுதான் முதல் முறை. பரிசு 9 லட்சத்துச் சொச்சம் டாலர். அதைவிடப் பெரிது, போன கார்டு பல வருட உத்தரவாதத்தோடு திரும்பி வந்தது.

இந்த நிச்சயமின்மையை லிவ் கோல்ஃப் என்கிற புதிய போட்டித் தொடர் 2022-இல் தலைகீழாக்கியது. சவுதி பணம், ஒப்பந்தத் தொகை, கட் கிடையாது, கடைசி இடத்துக்கும் பணம். தொடங்கியபோது நான்கு நாள்கூட இல்லை, மூன்றே நாள். லாஹிரியும் அந்த ஆகஸ்டில் அங்கே போனார். விமர்சித்தவர்கள் நிறைய. எட்டடி தூரத்துப் பந்தைக் குழியில் போடத் தவறிவிட்டு வெறுங்கையோடு ஊர் திரும்பிப் பழகிய ஒருவரை அதற்காகக் குறைசொல்ல எனக்கு வாய் வரவில்லை.

நாற்பதுக்கு மேல் பந்து போகும் தூரம் குறையத் தொடங்கும். சிலர் பயிற்சியாளர் ஆவார்கள், சிலர் கிளப் வேலைக்குப் போவார்கள். மற்றவர்கள் ஐம்பது வயதுக்காகக் காத்திருப்பார்கள், ஏனென்றால் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் ஐம்பது தாண்டியவர்களுக்கென்றே தனி டூர்கள் இருக்கின்றன. ஜீவ் மில்கா சிங் அப்படி ஆடுகிறவர். 1998-இல் ஐரோப்பிய டூரில் நுழைந்த முதல் இந்தியர் அவர். அமெரிக்காவின் அந்த மூத்தோர் டூரிலும் இடம் சும்மா கிடைக்காது. பெரிய பட்டங்கள் இல்லாதவர் ஐம்பது வயதில் மறுபடி பையைத் தூக்கிக்கொண்டு கியூ ஸ்கூலுக்குப் போக வேண்டும். அங்கே கார்டு ஐந்தே பேருக்குத்தான்.